சுழி ஏன் சுழியாக இல்லை?

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் அதன் தாடைகளை ஒன்றுசேர்த்துச் சுழிப்பிழையைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளி இயற்பியலில் நாம் கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. பிழை இருப்பின் குறித்துக்கொண்டு, அளவீட்டிலிருந்து கழித்துவிடுகிறோம். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் தரவு சேகரிப்புப் பலகையிலும் அவ்வாறே செய்தால் ஏமாந்துபோவோம். வெர்னியரின் சுழிப்பிழை அக்கருவிக்கே உரியது. பலகை காட்டும் சுழிப்பிழையோ பலகை, கம்பி, உணரி, பக்கத்து வழித்தடம் ஆகிய எதிலிருந்தும் வரலாம்.

சிறு பிழைதானே என்று விட்டுவிடவும் இயலாது. கே வகை வெப்ப மின்னிரட்டை, ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தருகிறது. எனவே 1 மில்லிவோல்ட் பிழை, வெப்பநிலையில் ஏறத்தாழ 24 பாகைப் பிழையாகிவிடும்.

காண்பது உண்மையில் பிழைதானா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். −10 முதல் +10 வோல்ட் வரை அளக்கும் 12 பிட் பலகையில் 20 வோல்ட் 4096 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். ஓரிரு படி அசைவு பழுதன்று. எதனோடும் இணைக்கப்படாத முனை காட்டும் எண்ணுக்கும் பொருளில்லை.

அடுத்து, உணரியைக் கழற்றிவிட்டு, வழித்தடத்தின் இரு முனைகளையும் சிறு செம்புக் கம்பியால் பலகையின் நிலமுனையோடு இணைக்கிறோம். பலகை சூடேறி நிலைபெற்ற பின்னும் பிழை நீடித்தால் குறை பலகையினுடையது; அளவுத்திருத்தம் செய்யலாம். பிழை மறைந்தால் பலகை குற்றமற்றது. காரணத்தை வெளியே தேட வேண்டும்.

வெளிக்காரணங்களுள் மூன்று அடிக்கடி எதிர்ப்படுபவை. முதலாவது, மின்கலமும் வெப்ப மின்னிரட்டையும் போல நிலத்தோடு தொடர்பற்ற மூலங்கள். பலகையின் உள்ளீட்டில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியின்றி, மின்னழுத்தம் மெல்ல ஒருபுறமாக நகர்ந்துகொண்டே போகும். எதிர்முனைக்கும் நிலமுனைக்கும் இடையே 10 முதல் 100 கிலோ ஓம் வரையிலான மின்தடையை இணைத்தால் அவ்வழி கிடைத்துவிடும்.

இரண்டாவது, நிலச்சுற்று. மூலம் ஓரிடத்திலும் பலகை வேறோரிடத்திலும் நிலத்தோடு இணைந்திருந்தால், அவ்விரு நிலங்களுக்கும் இடையிலான மின்னழுத்தம் அளவீட்டோடு சேர்ந்துகொள்ளும். இரு முனைகளின் வேறுபாட்டை மட்டும் அளக்கும் இணைப்பு முறைக்கு மாறுவதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, பக்கத்து வழித்தடத்தின் எச்சம். பல வழித்தடங்களை ஒரே மாற்றி முறைவைத்து அளக்கும்போது, மூலத்தின் மின்தடை மிகுதியாக இருந்தால், முந்தைய மின்னழுத்தம் முழுதும் வடிவதற்குள் அடுத்த அளவீடு நிகழ்ந்துவிடுகிறது. பக்கத்து வழித்தடத்தின் மின்னழுத்தத்தை மாற்றிப் பாருங்கள். பிழையும் உடன் மாறினால் ஐயமில்லை. அளக்கும் வேகத்தைக் குறைத்தால் பிழையும் குறையும்.

இம்மூன்றனுள் எதுவும் நிலையான எண் அன்று. நிலங்களுக்கு இடையிலான வேறுபாடு பிற கருவிகள் இயங்குவதைப் பொறுத்து மாறும். எச்சம் பக்கத்துத் தடத்தைப் பொறுத்து மாறும். காலையில் கண்ட பிழையை நிரலில் எழுதிக் கழித்துவிட்டால், மாலை அளவீட்டில் நாமே புதிய பிழையைப் புகுத்தியவர்களாவோம். ஆகவே காரணத்தை அறிந்து களைந்த பின், எஞ்சுவதை மட்டுமே கழிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாணவரிடம் ‘எவ்வளவு பிழை?’ என்று கேட்பதற்கு முன், ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்போமாக.