அச்செழுத்தின் அளவும் பழம்பதிப்பு விவரிப்பும்

முன்னுரை

பழைய தமிழ் நூல்களை விவரிக்கும் ஆய்வேடுகளில் “12 பாயிண்ட் எழுத்தில் அச்சிடப்பெற்றது” என்பதுபோன்ற குறிப்பு எளிதாக இடம்பெற்றுவிடக்கூடும். அவ்வளவு எதனைக் குறிக்கிறது, எக்காலத்து நூலுக்குப் பொருந்தும், பொருந்தாதவிடத்து எதனை அளப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பாயிண்ட் என்பதனைப் ‘புள்ளி’ என மொழிபெயர்ப்பதும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியோடு மயங்குமாதலின், அச்சகங்களில் வழங்கும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

உடலும் முகமும்

ஈய எழுத்து ஒரு சிறு கட்டையாகும். அதன் தலையில் புடைத்து நிற்கும் வடிவமே தாளில் பதிகிறது. அவ்வடிவத்தை முகம் எனவும், தாங்கும் கட்டையை உடல் எனவும் கொள்ளலாம். பாயிண்ட் அளவு உடலுக்குரியது. கண்ணுக்குப் புலப்படும் முகத்திற்குரியதன்று.

இவ்வேறுபாடு தமிழில் பெரிதும் கருதத்தக்கது. ‘ப’, ‘ட’, ‘ம’ ஆகியன அடிக்கோட்டின்மீது நிற்பவை. ‘கீ’ என்பதன் சுழி மேலே எழுகிறது. ‘கூ’ கீழே இறங்குகிறது. இவையனைத்தையும் ஒரே உடலுக்குள் அடக்க வேண்டுமாதலின், ‘ப’ என்பதற்கு எவ்வளவு உயரம் தருவது என்பது எழுத்தை வடிவமைப்பவரின் முடிவாகிறது. கணினியிலும் இதே நிலைதான். லதா, விஜயா ஆகிய இரு எழுத்துருக்களையும் 12 பாயிண்டில் அடித்துப் பார்த்தால் விஜயா தெளிவாகச் சிறுத்துத் தோன்றும். எழுத்துருவின் பெயரைச் சுட்டாது அளவை மட்டும் விதிக்கும் ஆய்வேட்டு நெறிமுறை, இக்காரணத்தால் அரைகுறையானதே.

ஒரு பெயர், பல அளவு

12 பாயிண்ட் சேர்ந்தது ஒரு பைகா. ஆனால் பாயிண்டின் நீளம் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1886இல் அமெரிக்க எழுத்து வார்ப்பாளர்கள் ஏற்ற பாயிண்ட் ஏறத்தாழ 0.351 மி.மீ.; ஐரோப்பாவில் பரவலாக வழங்கிய டிடோ பாயிண்ட் 0.376 மி.மீ.; இன்றைய கணினியில் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு, அதாவது 0.353 மி.மீ. இடைவெளியின்றிக் கோத்த 12 பாயிண்ட் வரிகள் இருபது, அமெரிக்க முறையில் 84 மி.மீ., டிடோ முறையில் 90 மி.மீ. உயரம் கொள்ளும்.

டிடோ முறையே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுப்பணி தொடங்கிய 1713இல் அது இல்லை. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழெழுத்துகள் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகத் தேவைப்பட்டது. எனவே புதிய ஏற்பாட்டை அச்சிடச் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஒரே அச்சகத்தின் இவ்விரு தொகுதிகளையும் பிரித்தறிவது பதிப்பாய்வுக்கு இன்றியமையாதது. அவற்றிற்குப் பாயிண்ட் அளவு கூறுவதோ காலமுரணாகும்.

தாளில் அளத்தல்

நூலியலார் கையாளும் இருபது வரி அளவே இங்குப் பொருந்துவது. ஒரு வரியின் ‘ப’ அடியிலிருந்து, இருபது வரி கீழே உள்ள வரியின் ‘ப’ அடிவரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். முகத்தைக் குறிக்க ‘ப’ உயரத்தையும், ‘கீ’ உச்சியிலிருந்து ‘கூ’ அடிவரையுள்ள மொத்த உயரத்தையும் தனியே தருதல் நலம்.

ஓர் எச்சரிக்கை. வரிகளுக்கிடையே ஈயத்தகடு இட்டிருந்தால் இருபது வரி அளவில் அதுவும் சேர்ந்துவிடும். 12 பாயிண்ட் எழுத்தை 2 பாயிண்ட் தகட்டுடன் கோத்தாலும், 14 பாயிண்ட் எழுத்தைத் தகடின்றிக் கோத்தாலும் அமெரிக்க முறையில் கிடைப்பது ஏறத்தாழ 98 மி.மீ.தான். இவ்விரண்டுள் எது என்பதனை அவ்வெண் சொல்லாது. ஆதலின் “20 வரி = 98 மி.மீ.” என அளந்ததை அளந்தவாறே எழுதுவது தகும், உடலின் அளவை ஊகித்து எழுதுவது தகாது. ஈரப்படுத்தி அச்சிட்ட தாள் உலரும்போது சுருங்குமாதலின், ஒரே நூலில் பல பக்கங்களை அளந்து, கிடைத்த சிறும, பெரும அளவுகள் இரண்டையும் தர வேண்டும். மின்னுருவாக்கப் படங்களைக்கொண்டு அளப்போர், அளவுகோலும் உடன் படமாக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.