எதை மாமா சிக்கனமாச் செலவு பண்றது?

ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் பேப்பர், பக்கத்தில் இரண்டாவது காபி. "ராமநாதபுரம் பக்கமெல்லாம் தண்ணிக்குப் படற பாட்டைப் பாரு. நம்ம கோயமுத்தூர்ல சிறுவாணி, பில்லூர்னு இருக்கு. தண்ணிப் பிரச்னையே இல்லை!" என்று ஹாலில் இருந்தபடியே சமையலறைக்கு ஒரு பிரசங்கம் செய்து முடித்திருந்தேன். சமையலறையிலிருந்து பதில் இல்லை. ஆமோதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

லீவுக்கு எங்கள் வீட்டில் டேரா போட்டிருக்கும் அக்கா மகள் வந்து நின்றாள். எட்டாவது முடித்து ஒன்பதாவது போகிறாள்.

"ஏனுங் மாமா, இந்தக் கதையைப் படிச்சுட்டு அதோட கருத்தை எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே..."

அந்தக் கடைசி வரியில் நான் காலி. படித்தது பி.காம். என்றாலும் பந்தா விடுமா?

கதை, கந்தர்வன் எழுதிய 'தண்ணீர்'. 2018-ல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் விரிவானமாக, அதாவது நம் காலத்து 'நான்-டீடெயில்' ஆக, இடம்பெற்ற கதை. வறண்டு கிடக்கும் ஒரு கிராமம். அங்கே வந்து நிற்கிற பாசஞ்சர் ரயிலில் ஏறி, பெட்டியில் இருக்கும் குழாயில் குடத்தைப் பிடித்து நிரப்பிக்கொள்கிறார்கள். ஒருநாள் இந்திரா என்கிற பெண் உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்துவிடுகிறது. ஊரே பதறித் தேடுகிறது. கடைசியில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே திரும்பி வருகிறாள். இடுப்பில் குடம். குடத்தில் தண்ணீர்!

தொண்டையைச் செருமிக்கொண்டு டிக்டேஷன் கொடுத்தேன். "எழுதிக்கோ கண்ணு. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பதே இக்கதையின் கருத்து!"

அவள் பேனாவை மூடினாள்.

"அந்த ஊர்ல தண்ணியே இல்லீங்களே மாமா. அப்புறம் எதைச் சிக்கனமாச் செலவு பண்றது?"

காபி புரையேறியது.

தப்பு என்னுடையது மட்டும் இல்லை சார். 'இதனால் அறியப்படும் நீதி யாதெனில்' என்று முடித்தே நம்மையெல்லாம் வளர்த்துவிட்டார்கள். நரி, திராட்சை, காக்கா, வடை, எதைக் கொடுத்தாலும் அடியில் ஒரு நீதி எழுதிக் கோடு போட்டுவிடுவோம். ஆனால் நீதி வேறு, கதையின் கரு வேறு. ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். 'எல்லோரும் ஒன்பது மணிக்கு வர வேண்டும்' என்பது சர்க்குலர். அது நீதி. 'சீக்கிரம் வருகிறவன் தலையில்தான் எல்லா வேலையும் விழும்' என்பது அந்த ஆபீஸில் ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரிகிற உண்மை. அதுதான் கரு!

இன்னொரு குழப்பமும் உண்டு. 'கதையின் கரு என்ன?' என்றால் பிள்ளைகள் 'தண்ணீர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது கதை எதைப் பற்றியது என்பதற்கான பதில். அதைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியம் வந்தால்தான் கரு.

அதை எப்படிப் பிடிப்பது? பாடத்தின் கடைசியிலேயே வழி இருக்கிறது. கருப்பொருளும் சுவையும் குறையாமல் கதையைச் சுருக்கச் சொல்லி ஒரு கேள்வி. சரி, சுருக்கிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாக வெட்டினோம். ஊர்க்காரர்கள் தேடியலைவதை நாலு வரியில் அடக்கலாம். கதை பிழைத்துக்கொள்கிறது. குடத்தோடு நடந்து வருவதை வெட்டினால்? கதை செத்துப்போகிறது. எதை வெட்டினால் உயிர் போகுமோ, அங்கேதான் கரு இருக்கிறது.

"குடத்தைப் போட்டுட்டு வந்திருந்தா சுலபமா நடந்திருக்கலாம். ஆனா போடலை" என்றாள் அக்கா மகள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'ஒரு பொண்ணு காணாமப் போயித் திரும்பறப்பக்கூடத் தண்ணியைக் கீழ விட முடியாத அளவுக்கு அந்த ஊர் ஆகிப் போச்சு.'

நான் கொடுத்த டிக்டேஷனை நானே அடித்தேன்.

அடுத்தது, யார் பார்வையில் கதை சொல்லப்படுகிறது என்பது. இங்கே என் பி.காம். கை கொடுத்தது. பேங்க்கில் ஒரு லட்சம் லோன் வாங்குகிறேன். என் புத்தகத்தில் அது கடன். பேங்க் புத்தகத்தில் அதே ஒரு லட்சம் சொத்து! தொகை ஒன்று, புத்தகம் இரண்டு. கதையும் அப்படித்தான். புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாப விமோசன'த்தில் நாம் அகலிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராமனைப் பார்க்கிறோம். சீதையைத் தீக்குளிக்க வைத்த செய்தி காதில் விழுந்ததும் அவள் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமன் பக்கம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கல் நம் கண்ணில் பட்டிருக்குமா?

கி.ராஜநாராயணனின் 'கதவு' கதையில், தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதில் தொற்றி ஆடி விளையாடிய குழந்தைகளின் பக்கம் நிற்பதால் நமக்கு நெஞ்சு வலிக்கிறது. கழற்றுகிற தலையாரி பக்கம் நின்றால், மேலிடத்து உத்தரவு, மாசச் சம்பளம்! அந்தத் தலையாரி உத்தியோகத்தை ஏதாவது ஓர் ஆபீஸில் நாமேகூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நம் கொங்குச் சீமைக்கு இது புதுசும் இல்லை. ஆர்.சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில், சொத்தில் பாகம் கேட்கிற ஒரு விதவையை நடுவில் நிறுத்தினார், அதுவும் நம்மூர்ப் பேச்சிலேயே. பாகம் கேட்பவள் பக்கம் நின்றால் ஒரு நியாயம், கொழுந்தன் பக்கம் நின்றால் வேறு நியாயம். சமீபத்தில், 2023-ல் நம் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கம் குட்டிக் குட்டிக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்துக் கொடுத்தது. கதை கையில் வந்துவிட்டது. படித்து முடித்ததும் 'நீதி என்ன?' என்று கேட்காமல், 'நீ யார் பக்கம்? ஏன்?' என்று கேட்கப் பெரியவர்கள்தான் பழகவேண்டும்.

இந்த ஜோரில் நான் ஒரு வேலை செய்தேன். "சரி கண்ணு, நம்ம வீட்டுத் தண்ணிக் கதையை யாராவது ஒருத்தர் பார்வையில எழுதிக் கொண்டா" என்றேன். என் பார்வையில் எழுதுவாள் என்று ஒரு நப்பாசை.

சாயங்காலம் பேப்பரை நீட்டினாள். தலைப்பு: 'அத்தை'.

'நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. எந்நேரம் வரும்னு சொல்ல முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாயில காத்து அடிக்கற சத்தம் கேட்டா எந்திரிச்சுக்கோணும். இருபது குடம். இடுப்பு விட்டுப் போகும். அவர் தூங்குவார். காலையில எந்திரிச்சு, காபி குடிச்சுட்டு, நம்ம ஊர்ல தண்ணிப் பிரச்னையே இல்லைம்பார்.'

இரண்டு தடவை படித்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம். குடங்கள் எல்லாம் காலையில் நிறைந்திருக்கும். எப்படி நிறைகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். "இதெல்லாம் நிஜமா?"

வீட்டுக்காரி வாங்கிப் படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருபது இல்லீங்க, இருபத்தி நாலு" என்றார்.

புதன்கிழமை ராத்திரி குழாயில் காற்று அடித்தது. அவர் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். ஒன்பதாவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினைந்தாவது குடத்தில் எதிர்வீட்டு ஜன்னலில் லைட் எரிந்தது. அங்கேயும் ஓர் அம்மாதான் குடம் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் காலையில் என்ன பேசுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இதனால் அறியப்படும் நீதி ஒன்றும் இல்லை சார். கரு மட்டும் உண்டு. நிறைகுடம் ரொம்பக் கனம்!