பனியைச் சேமித்த அரண்மனை

குளிர்பதனப் பெட்டி தோன்றுவதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே, பனிக்கென்று தனி அறை அமைத்த அரண்மனை ஒன்று உண்டு. அது இத்தாலி நாட்டின் உர்பினோ நகரில் உள்ளது.

உர்பினோ ஒரு சிறிய மலை நகரம். அதன் ஆட்சியாளர் பெடரிகோ (1422-1482) பிற அரசுகளுக்காகக் கூலிப்படை நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர். 1474இல் கோமகன் பட்டம் பெற்றார். போரில் சேர்த்த செல்வத்தை அவர் அரண்மனையாகவும் நூலகமாகவும் மாற்றினார். 1468இல் லூச்சானோ லவுரானா என்பவரைக் கட்டடத் தலைவராக நியமித்தார். அவர் 1472இல் விலகிய பின், பிரான்செஸ்கோ தி ஜோர்ஜோ பணியைத் தொடர்ந்தார்.

சமதளம் இல்லாததே முதல் இடர்ப்பாடு. ஆனால் கலைஞர்கள் அக்குறையையே நிறைவாக்கினர். நகரை நோக்கிய பக்கத்தில் வாயில்களும் முற்றமும் அமைந்தன. பள்ளத்தாக்குப் பக்கம் மலைச் சரிவில் கீழ்த்தளங்கள் இறங்கின. அங்கே சமையலறை, குதிரை லாயம், வெந்நீர்க் குளியலறை, மழைநீர்த் தொட்டி, பனி அறை ஆகியவை இடம்பெற்றன.

பனி எவ்வாறு உருகாமல் நின்றது? ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் தேவை. அதே வெப்பம் ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியசுக்கு உயர்த்திவிடும்! பனியை இறுக்கிக் குவித்தால் வெளிக்காற்று படும் பரப்பும் குறைகிறது. தடித்த சுவரும் மண்ணும் வெப்பத்தைத் தடுக்கின்றன. ஆகவே பனி மெல்ல மெல்லத்தான் உருகும்.

மேல்தளத்தில் கோமகனின் சிறிய படிப்பறை உள்ளது. பாதி திறந்த அலமாரிகள், நூல்கள், இசைக்கருவிகள், ஓர் அணில் எல்லாம் அங்கே தெரிகின்றன. கையை நீட்டினால் தட்டுப்படுவது வெறும் பலகையே! வெளிர்நிற மரத்துண்டுகள் ஒளியாகவும், கருநிறத் துண்டுகள் நிழலாகவும் பதிக்கப்பட்டுள்ளன. தண்டவாளங்கள் தொலைவில் நெருங்குவதுபோல் கோடுகளும் குவிகின்றன. கண் ஏமாறுகிறது.

1631இல் கோமகன் மரபு முடிந்து, உர்பினோ போப்பாண்டவரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. 1657இல் நூலகம் ரோம் நகருக்குச் சென்றது. படிப்பறைச் சுவரின் மேற்பகுதியில் இருந்த 28 அறிஞர் ஓவியங்களும் கழற்றப்பட்டன. அவற்றுள் 14 இன்று பாரிஸ் நகரின் லூவர் காட்சியகத்தில் உள்ளன. கோமகன் படித்த நூல்கள் போய்விட்டன. மரத்தில் பதித்த நூல்கள் மட்டும் அதே அறையில் இன்றும் இருக்கின்றன.