போர்க்கால விமானி ஜாக்கெட்டை வாஷிங் மெஷினில் போடலாமா? பழைய ஆட்டுத்தோலைப் பாதுகாப்பது எப்படி?

பாகாயம், ஆம்பூர் பக்கம் தோல் ஜாக்கெட் புதுசு இல்ல. ஆனால் இரண்டாம் உலகப்போர் விமானிகள் அணிந்த செம்மறித்தோல் ஜாக்கெட் வேறு ரகம்.

என்ன வித்தியாசம்?

உள்ளே கம்பளி, வெளியே தோல். குளிரில் உறைந்த விமானிகளுக்காக 1930-களில் லெஸ்லி இர்வின் பிரிட்டன் விமானப்படைக்கு வடிவமைத்தார். அமெரிக்காவின் பி-3 வந்தது 1934-ல்.

மெட்ராஸ் ரெட் போன்ற நம்மூர் செம்மறிக்கு முடிதான். அடர்ந்த கம்பளி இல்லை. அதனால் கிழிந்த இடத்தில் உள்ளூர் தோலை ஒட்டுப்போட்டால் பொருந்தாது.

சுத்தம் செய்வது எப்படி?

* வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். நனைந்து காய்ந்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும். பழைய அளவுக்குத் திரும்பாது.
* மென்மையான பிரஷ்ஷால் தூசியை எடுங்க. அழுக்கை லேசான ஈரத்துணியால் ஒத்தி எடுங்க. முதலில் மறைவான மூலையில் சோதியுங்க.
* வேலூர் வெயிலில் காயப்போடாதீங்க. நிழல், காற்று போதும்.
* பிளாஸ்டிக் கவரில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். அகலமான ஹேங்கர், பருத்தித் துணி நல்லது.
* லேபிளைப் பிரிக்காதீங்க. ஜாக்கெட்டின் வகை, தயாரிப்பாளர் விவரத்துக்கு அதுதான் ஆதாரம்.

தோல் பொடியாக உதிர்கிறதா? துடைப்பதை நிறுத்துங்க, எண்ணெயும் பூசாதீங்க. பழந்தோல் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்க.