பேச்சுவார்த்தை மேசையில் இனி யார் உட்காருவார்கள்?

அருப்புக்கோட்டை பணிமனையிலிருந்து கிளம்பும் அரசுப் பேருந்தின் நடத்துநருக்குச் சம்பளம் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கின்றன. நிர்வாகம் எதிரே உட்காருகிறது. சில சமயம் வருடக்கணக்கில் இழுக்கிறது. ஆனாலும் கடைசியில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் பிறக்கிறது. 2025 மே மாதம் கையெழுத்தான 15-வது ஊதிய ஒப்பந்தம் 6 சதவீத உயர்வு கொடுத்தது. போதாது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. குறைப்படுவதற்காவது அவர்கள் கையில் ஒப்பந்தம் இருக்கிறது.

அதே பேருந்தில் பாளையம்பட்டியில் ஏறி, அருப்புக்கோட்டை தாலுகா ஆபீசில் இறங்கும் உதவியாளரின் நிலை வேறு. அவருக்கும் சங்கம் உண்டு, சந்தா உண்டு, கொடி உண்டு. மனு கொடுக்கலாம். கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்க்கலாம். மாலையில் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தலாம். அமைச்சர்கள் குழு அழைத்தால் போய்ப் பேசலாம். ஆனால் பேசியதை ஒப்பந்தமாக எழுதிக் கொடுங்கள் என்று சட்டப்படி கேட்க முடியாது. அவருக்குக் கிடைப்பது அரசாணை. ஒரு அரசாணை கொடுத்ததை இன்னொரு அரசாணை எடுத்துக்கொள்ளலாம்.

தொழிற்சங்கச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்த மாநிலத்தில்தான் இந்த நிலை. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. சங்கத் தலைவர்கள் மேல் ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கினார்கள். சங்கம் வைப்பதே குற்றமாகிவிடக் கூடாது என்று எழுந்த குரல்களுக்குப் பிறகுதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு கேட்டுத் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் போனபோது, அரசாட்சிப் பணி செய்கிறவர்கள் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1960-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கம் கூட்டாகப் பேரம் பேசிச் சாதிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்று கொள்ள முடியாது என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சங்கம் வைத்துக்கொள்ளலாம், அது கேட்டதற்குப் பதில் வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

மத்திய அரசு ஊழியர்கள் கொஞ்சம் முன்னால் போய்விட்டார்கள். 1960 ஜூலையில் நாடு முழுக்க அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. ஆனால் அதன் பலன் 1966-ல் கூட்டு ஆலோசனை அமைப்பாக வந்தது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றிலும் ஒத்துப்போக முடியாவிட்டால் நடுவரிடம் போகலாம். அந்தக் கதவு மாநில ஊழியருக்கு இல்லை. அதனால்தான் இங்கே ஒவ்வொரு கோரிக்கையும் தெருவுக்கு வந்தே தீர வேண்டியிருக்கிறது.

தெருவுக்கு வந்த கதைகளில் 2003-ஐ மறக்க முடியாது. ஓய்வூதியப் பலன்கள், ஈட்டிய விடுப்புச் சரண் என்று பல ஆண்டுகளாகப் பெற்றுவந்த சலுகைகள் வெட்டப்பட்டன. 2001 நவம்பரிலிருந்து புது ஆள் எடுக்கவும் தடை. 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேருகிறவருக்குப் பழைய ஓய்வூதியமே கிடையாது. ஜூலை 2-ம் தேதி வேலைநிறுத்தம் என்று ஊழியர் சங்கங்கள் அறிவித்தன. அதற்கு முன்பே இரவோடு இரவாகக் கைது தொடங்கியது. சுமார் 2,200 பேர் பிடிபட்டார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மா ஏற்கெனவே அரசின் கையில் இருந்தது. ஜூலை 4-ம் தேதி அவசரச் சட்டம் ஒன்றும் வந்தது. வேலைக்கு வராதவர் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார்; விசாரணை, நோட்டீஸ் எதுவும் வேண்டாம். விளக்கம் கேட்காமல் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு கொடுத்திருந்த பாதுகாப்பு ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனது. ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று.

நீதி கேட்டுப் போனவர்களை உயர் நீதிமன்றம், முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது வேலையில் இருந்தவர் ஒரே ஒரு உறுப்பினர். அத்தனை பேரின் வழக்குகளை அவர் எந்தக் காலத்தில் கேட்டு முடிப்பது? உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். வேலையை விட்டுத் தள்ளி வைக்கப்பட்ட ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் வழக்குகள் ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் போயின. ஆகஸ்ட் 6-ம் தேதி தீர்ப்பு வந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை.

தார்மீக உரிமையும் இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சட்டத்தில் ஓர் உரிமை எழுதப்படவில்லை என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. உழைக்கிறவன் மனசாட்சிக்குள்ளும் அது இல்லை என்று எப்படிச் சொல்வது? பேசுவதற்குக் கட்டாயமான மேசை இல்லை, பேசாவிட்டால் நிறுத்தவும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது கெஞ்சுவது மட்டும்.

அந்த ஜூலையில் ஊர்கள் எந்தப் பக்கம் நின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ஊழியர் பக்கம் நிற்கவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பயறும் போட்டு, ஐப்பசி மழையை நம்பி உட்கார்ந்திருக்கும் சம்சாரிக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்பதே பெரிய அதிசயம். தறிக்காரருக்கும் அப்படித்தான், நூல் விலை ஏறினால் கூலி நிற்கும். இவர்களிடம் போய் ‘சரண் விடுப்பு ஊதியத்தை வெட்டிவிட்டார்கள்’ என்றால் என்ன காதில் விழும்? ‘வாங்குற சம்பளத்துக்கு வேலை பார்த்தா போதாதா’ என்ற பேச்சு டீக்கடை தோறும் கேட்டது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் நடையாய் நடந்தவர்களின் கோபம் அதில் கலந்திருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. லஞ்சத்தைப் பற்றிச் சங்கங்கள் உரக்கப் பேசியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தக் கரிசல் நாட்டில் அரசு வேலை என்பது ஒரு குடும்பம் பஞ்சத்திலிருந்து தப்பிக்கும் வழி. மூன்று அக்கா தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், அப்பன் வாங்கிய கடனை அடைத்ததும், தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பியதும் ஒரே ஒரு வாத்தியார் சம்பளமாக இருந்த வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இன்றும் குரூப்-4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இல்லாத ஊர் இல்லை. அந்த வேலை நல்ல வேலையாக இருப்பதற்கு ஒரு காரணம் சங்கம். மத்திய அரசுக்கு இணையான ஊதியம் 1988 ஜூன் முதல் கணக்கிட்டுக் கிடைத்ததும் போராடிப் பெற்றதுதான். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று அப்பன் ஏங்கும் வேலையையும், அவனே திட்டும் சங்கத்தையும் பிரிக்க முடியாது.

சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வருவாயில் பெரும் பங்கு போய்விட்டால் ரோடு போட, கண்மாய் தூர் வார எங்கே பணம் என்று நிதி பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கையும் எதிரே உட்கார வைத்துப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஒன்பது நாள் வேலைநிறுத்தத்தில் நின்றது. அப்போதும் கைது, இடைநீக்கம், இடமாற்றம், பத்தாயிரம் ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் என்று பழைய பாதையிலேயே எல்லாம் நடந்தது. ஓய்வூதியக் கோரிக்கையோடு அப்போது பட்டியலில் இருந்த இன்னொன்றை நாம் கவனிக்கவில்லை: 2018-ல் வந்த அரசாணை 56-ஐ ரத்து செய்ய வேண்டும். எந்தெந்தப் பணியிடங்களைக் குறைக்கலாம், எதை வெளியாரிடம் விடலாம் என்று ஆராயக் குழு அமைத்த அரசாணை அது. ஓய்வூதியத்துக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேலான போராட்டத்துக்குக் கிடைத்த பலன் என்று சங்கங்கள் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. என் கவலை அந்தப் பட்டியலின் மற்ற வரியில் இருக்கிறது.

சட்டம் போட்டு ஒரு சங்கத்தை உடைத்தால் ஊர் பார்க்கும், பத்திரிகை எழுதும். ஆள் எடுக்காமலேயே விட்டால் யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்றவரின் நாற்காலி காலியாகக் கிடக்கும். பிறகு அந்த வேலைக்கு ஏஜென்சி மூலம் ஒருவர் வருவார். அவருடைய முதலாளி யார் என்று அவருக்கே தெரியாது. பாளையம்பட்டி மாதிரி ஓர் ஊரில் அதிகாலையில் தெருவைக் கூட்டுகிறவர், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறவர், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்தில் ஊசி போடும் செவிலியர், பள்ளியில் ஓவியமும் தையலும் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர் என்று எண்ணிப் பாருங்கள். ஊர் மக்கள் அன்றாடம் முகம் பார்க்கும் அரசாங்கம் இவர்கள்தான். இவர்களில் முழுநேர, நிரந்தர அரசு ஊழியர் எத்தனை பேர்? பணிமனையிலும் இதே கதை வந்துவிட்டது. சில ஆண்டுகளாக ஓட்டுநர்களை ஏஜென்சி வழியாக எடுக்கிறார்கள். அவர்களுக்கு 15-வது ஊதிய ஒப்பந்தத்தில் பங்கில்லை.

வேறு நாடுகளில் சங்கங்களை வெளிப்படையாகவே உடைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1959-ல் அந்த நாட்டிலேயே முதலில் அரசு ஊழியருக்குக் கூட்டுப்பேர உரிமை கொடுத்தது. 2011-ல் அதே மாநிலம் பெரும்பாலோரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. அடிப்படைச் சம்பளம் தவிர வேறு எதையும் பேசக் கூடாது, அதுவும் விலைவாசி உயர்வுக்கு மேல் போகக் கூடாது, சம்பளத்தில் சந்தா பிடிக்கக் கூடாது, ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்தி மொத்த ஊழியரில் பாதிக்கு மேல் ஆதரவு காட்ட வேண்டும். ஆயிரமாயிரம் பேர் தலைமைச் செயலகக் கட்டடத்துக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்தும் சட்டம் நிறைவேறியது. அடுத்த சில ஆண்டுகளில் சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. இலங்கையில் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அந்த அடியிலிருந்து அங்குள்ள தொழிற்சங்க இயக்கம் நீண்ட காலம் எழவில்லை. அங்கெல்லாம் சட்டமும் பணிநீக்கமும் செய்த வேலையை இங்கே காலிப் பணியிடமும் ஏஜென்சி ஒப்பந்தமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

நீதிமன்றங்களின் போக்கும் ஒரே திசையில் இல்லை. முறைப்படி தேர்வாகாதவர் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், ஆண்டுக்கணக்கில் நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் செய்த துப்புரவு ஊழியர்களையும் தோட்ட வேலைக்காரரையும் தற்காலிகம் என்ற பெயரில் கைவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரத் தகுதி என்று 1981-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனங்களுக்கான சட்டம் அது. அதன் உணர்வை ஊராட்சிக்கும் மருத்துவமனைக்கும் நீட்டச் சொல்லி வலுவாகக் கேட்க வேண்டியவர்கள் யார்?

நிரந்தர ஊழியர்களின் சங்கங்கள்தான் கேட்க வேண்டும். இதுவரை ஒப்பந்த ஊழியர் கோரிக்கை அவர்களுடைய பட்டியலில் இடம்பெறாமல் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பேச்சுவார்த்தையில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் முதலில் விழுவதும் அதுவே. 2025 ஆகஸ்ட்டில் சென்னையில் தூய்மைப் பணியாளர்கள் வேலையைத் தனியாரிடம் விடாதே என்று மாநகராட்சி வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அன்று மாநிலம் முழுக்க அரசு அலுவலகங்களில் ஒரு மணி நேரம் பேனா கீழே வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மத்திய ஊழியருக்கு 1966 முதல் இருக்கும் கூட்டு ஆலோசனையும் நடுவர் ஏற்பாடும் மாநிலத்துக்குச் சட்டமாக வர வேண்டும். அரசுப் பணியாளர் பேச்சுவார்த்தை உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 151-வது உடன்படிக்கை 1978-ல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதே அமைப்பின் 87, 98-வது உடன்படிக்கைகளும் ஏற்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. இவை டெல்லி வரை போக வேண்டியவை, நாளாகும். நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அருப்புக்கோட்டை வட்டாரச் சங்கப் பொறுப்பாளர்களே, அடுத்த உறுப்பினர் சேர்க்கைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலில் தாலுகா ஆபீசுக்குப் போகாதீர்கள். விடிகாலை ஐந்து மணிக்குப் பாளையம்பட்டித் தெருவில் விளக்குமாறு பிடித்து நிற்கிறவரிடம் போங்கள். முதல் ரசீதை அவர் பெயரில் போடுங்கள்.