2 மணி நேரப் பயணம். ஒரு வாரக் காத்திருப்பு!

கப்பல் ஏற எவ்வளவு முன்னதாகப் போகவேண்டும்?

மழை பொய்த்த காலங்களில் பந்தல்குடி, திருச்சுழி அடங்கிய அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஏழைகள், சுமார் ஒரு வாரம் முன்பே போய்க் காத்துக் கிடந்தார்கள்.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரெயில் தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் சுமார் 2 மணி நேரந்தான்.

ஆனால், தோட்டத் தொழிலாளி நேரே கப்பல் ஏற முடியாது!

மண்டபம் முகாம்

கங்காணி அழைத்து வந்தவர்களை மண்டபத்திலேயே இறக்கினார்கள். காலராவும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அம்மை குத்தினார்கள். துணிமணிகளை ஆவியில் வைத்தார்கள். கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். சாப்பாடு இலவசம்.

மேல் வகுப்பில் வந்தவர்களோ அன்றே கப்பல் ஏறினார்கள்!

1939-ல் இந்திய அரசு இந்தப் பயணத்துக்குத் தடை போட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

திரும்பி வந்தார்கள்

அதே 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி, போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலருக்கும் முதல் தங்கல் மண்டபம் முகாம்தான்.

தாத்தா போகும்போது காத்திருந்த இடத்தில், பேரன் வரும்போது காத்திருந்தான்!