குறைந்த செலவில் ஒரு போர்க்களம்

1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரத்துக்கு அருகே கலோடன் என்ற இடத்தில் ஒரு போர் நடந்தது. பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கொண்டாடிய இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டுக்காக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அணிவகுத்தார்கள். அவர்களில் பலர் மலைநாட்டுக் குடியானவர்கள். எதிரே நின்ற கம்பர்லாண்டு கோமகனின் அரசுப் படை அதைவிடப் பெரியது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரிட்டன் மண்ணில் நடந்த கடைசிப் பெரும் களப்போர் அதுதான்.

218 ஆண்டுகள் கழித்து, 1964 ஆகஸ்டில், பீட்டர் வாட்கின்ஸ் என்ற 28 வயது இளைஞர் பிபிசிக்காக அந்தப் போரைப் படமாக்கினார். பெயர் பெற்ற நடிகர் ஒருவர்கூட இல்லை. பெரிய சினிமாக்களைப் போல ஆயிரக்கணக்கில் துணை நடிகர்களும் இல்லை. கையில் இருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் அமெச்சூர்கள். மலைநாட்டுக்காரர்களாக நடித்தவர்கள் இன்வர்னெஸ் பகுதி மக்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பான ‘கலோடன்’, நடித்துக் காட்டும் வரலாற்று ஆவணப்படம் எடுக்க விரும்பும் எவருக்கும் இன்றைக்கும் முதல் பாடப்புத்தகம்.

வரலாற்று ஆவணப்படத்துக்கு என்று ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. ஆவணப்படம் என்றால் கேமரா நேரில் கண்டதைக் காட்ட வேண்டும். ஆனால் மனித வரலாற்றின் மிகப் பெரும்பகுதி கேமரா பிறப்பதற்கு முன்பே முடிந்துபோனது. எஞ்சியிருப்பவை கடிதம், கல்வெட்டு, கணக்குப் புத்தகம், ஓவியம், இடிந்த சுவர். இவற்றை வைத்துக்கொண்டு திரையை எப்படி நிரப்புவது? அறிஞர்களைப் பேசவைக்கலாம். பழைய படங்களின் மீது கேமராவை மெல்ல நகர்த்தலாம். கென் பர்ன்ஸ் 1990-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நீண்ட தொடரைப் பெரும்பாலும் புகைப்படங்களையும் படித்துக் காட்டிய கடிதங்களையும் கொண்டே நடத்தினார். இவை போதாத இடத்தில்தான் நடித்துக் காட்டும் முறை வருகிறது. நம் தொலைக்காட்சிகளில் திரையின் மூலையில் ‘சித்தரிக்கப்பட்ட காட்சி’ என்று போடுகிறார்களே, அதுதான்.

வாட்கின்ஸ் எடுத்த முதல் முடிவு எளிமையானது. 1746-ல் ஒரு தொலைக்காட்சிச் செய்திக்குழு அந்தக் களத்தில் இருந்திருந்தால் எதைப் பிடித்திருக்குமோ, அதை மட்டும் காட்டுவது. செய்திக் கேமராமேன் குன்றின் உச்சியில் நின்று இரண்டு படைகளையும் ஒருசேரப் பிடிக்க மாட்டார். வரிசைக்கு நடுவே கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். பக்கத்தில் நிற்பவனின் முகம்தான் அவருக்குக் கிடைக்கும். இந்த ஒரு முடிவால் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கான தேவையே போய்விட்டது. பணம் இல்லாததால் வந்த நெருக்கம், பார்ப்பவரைப் போருக்குள் இழுத்துப்போடும் நெருக்கமாக மாறியது.

இதற்குப் பின்னால் ஒளியியலும் இருக்கிறது. தொலைவிலிருந்து நீண்ட குவியத் தூரம் கொண்ட லென்ஸில் படம் பிடித்தால், முன்னே நிற்பவருக்கும் பின்னே நிற்பவருக்கும் இடையிலான தூரம் சுருங்கித் தெரியும். மூன்று வரிசையில் நிற்கும் இருபது பேர் ஃபிரேமை அடைத்துக்கொள்வார்கள். ஃபிரேமுக்கு வெளியே இன்னும் ஆயிரம் பேர் இருப்பதாக மனம் தானே நிரப்பிக்கொள்ளும். கேமராவைத் தாழ வைத்தால் தலைகளுக்குப் பின்னால் இருக்கும் வெறும் நிலம் மறையும். புகை ஃபிரேமின் விளிம்புகளை மூடும். பீரங்கி வெடிக்கும்போது கேமரா குலுங்கினால், குண்டு எங்கே விழுந்தது என்று காட்ட வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளைக்கும் இதில் பங்கு உண்டு. வண்ணத்தில் எடுத்தால் மலிவான சாயமும் பொருந்தாத துணியும் உடனே கண்ணில் படும். சாம்பல் நிறங்களில் அந்தக் குறைகள் அடங்கிவிடும்.

படத்தில் பின்னணிக் குரல் பீரங்கிக் குண்டுகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யும் இடம் ஒன்று உண்டு. கெட்டியான இரும்பு உருண்டை ஒரு வகை. சிறு உருண்டைகளைக் கொத்தாக அடைத்துச் சிதறவைப்பது இன்னொரு வகை. செய்தி வாசிப்பவரின் நிதானத்தோடு அந்தக் குரல் இதைச் சொல்லி முடித்ததும் பீரங்கி வெடிக்கிறது, படம் மனிதர்களின் முகத்துக்குத் தாவுகிறது. எந்தத் தந்திரக் காட்சியும் தராத அதிர்ச்சியை அந்த வெட்டு தருகிறது. அது படத்தொகுப்பு மேசையில் பிறந்த அதிர்ச்சி. அதற்கு ஆன செலவு ஒரு வெடியும் ஒரு முகமும்தான்.

அந்த முகங்களுக்குப் பின்னால் படிப்பும் இருந்தது. ஜான் பிரெபிள் 1961-ல் எழுதிய ‘கலோடன்’ என்ற நூல்தான் வாட்கின்ஸுக்கு அடித்தளம். தளபதிகளின் வியூகத்தை விடச் சாதாரண வீரனின் பசியையும் களைப்பையும் பேசிய நூல் அது. போருக்கு முந்தைய நாள் மலைநாட்டுப் படைக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் உணவு. அன்றிரவு எதிரியின் பாசறையைத் திடீரென்று தாக்கப் புறப்பட்டு, வழியில் விடிந்துவிடும் என்று கண்டு திரும்பி வந்தார்கள். தூங்காமல், சாப்பிடாமல்தான் காலையில் களத்தில் நின்றார்கள். இது தெரிந்த இயக்குநருக்கு அலங்கார அரண்மனை எதற்கு? களைத்த ஒருவனை நிறுத்தி, அவன் பெயரையும் நிலத்தையும் அவன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்பதையும் பின்னணிக் குரல் சொன்னால் போதும். சிறு படத்தில் ஆராய்ச்சி என்பது செட்டின் வேலையைச் செய்கிறது.

இன்று இந்த வகைப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு வாட்கின்ஸிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. இப்போதைய டிஜிட்டல் கேமராக்கள் மிகக் குறைந்த வெளிச்சத்திலும் தெளிவாகப் பிடிக்கும். ‘பாரி லிண்டன்’ (1975) படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காட்சி எடுக்க, நாசாவுக்காக ஜெய்ஸ் நிறுவனம் செய்த லென்ஸைத் தேடிப் பிடித்தார் ஸ்டான்லி குப்ரிக். இன்று நடுத்தர விலைக் கேமராவே அந்த வெளிச்சத்தில் வேலை செய்யும். அகல் விளக்கை நடிகரின் முகத்துக்கு அரை மீட்டரில் வைத்து, பின்சுவரை விளக்கிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி விட்டுப் பாருங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல் விதி. இங்கே தூரம் ஆறு மடங்கு என்பதால் சுவரில் விழும் ஒளி முகத்தில் விழுவதில் 36-ல் ஒரு பங்கு. சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டும் டிஸ்டெம்பரும் இருளில் போய்விடும். வாடகைக்கு எடுத்த அறை நூற்றாண்டுகள் பின்னால் நகர்ந்துவிடும்.

பணத்தை எங்கே செலவழிப்பது என்பதில் அனுபவசாலிகளிடம் ஒரு கணக்கு உண்டு. கேமராவுக்குக் கிட்டே வருவது அசலாக இருக்க வேண்டும்; தள்ளி நிற்பது சுமாராக இருந்தால் போதும். முன் வரிசையில் இருவருக்கு ஒழுங்காகத் தைத்த உடை, பின் வரிசைக்குப் போர்வை. எழுதும் கையைக் காட்டுவதாக இருந்தால் பேனா, மை, தாள் மூன்றும் அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும். எழுதுபவரின் முகம் வேண்டாம். கெவின் பிரவுன்லோவும் ஆண்ட்ரூ மோலோவும் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எடுத்த ‘வின்ஸ்டன்லி’ (1975) கதைப்படம்தான் என்றாலும் இந்தக் கணக்குக்கு நல்ல சாட்சி. சிறிய பட்ஜெட், பெரும்பாலும் அமெச்சூர் நடிகர்கள். ஆனால் போர்க்கவசத்தை லண்டன் கோபுரத்துச் சேகரிப்பிலிருந்து இரவல் வாங்கினார்கள். அருங்காட்சியகங்களும் பழைய வீடுகளும் சேகரிப்பாளர்களும் சின்னக் குழுக்களுக்குச் சொத்து. பணிவோடு கேட்டால் பணத்தால் கிடைக்காததும் கிடைக்கும்.

ஒலியைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். முதலில் நினைக்க வேண்டியது அது. மூடிய கதவுக்கு இப்பால் ஒரு பெண் நிற்க, அப்பால் குதிரைக் குளம்பொலியும் கூச்சலும் கேட்டால் தெருவில் கலவரம் நடக்கிறது. குதிரை வேண்டாம், தெருவும் வேண்டாம். மலிவான படம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கப்படுவது ஒலியில்தான். பின்னால் ஒரு மோட்டார் பைக் போனால் 1746 அங்கேயே முடிந்தது.

செலவை விடப் பெரிய கேள்வி உண்மை. நடித்துக் காட்டும் காட்சிக்குப் பார்ப்பவரின் மனத்தில் சாட்சியின் பலம் வந்துவிடுகிறது. ஆவணத்தில் ஒரு வரி மட்டும் இருக்க, அதை மூன்று நிமிடக் காட்சியாக்கினால், மீதிக் கற்பனையையும் மக்கள் வரலாறாகவே நினைவில் வைத்துக்கொள்வார்கள். எரால் மோரிஸ் ‘தி தின் புளூ லைன்’ (1988) படத்தில் இதை நேர்மையாகக் கையாண்டார். 1976-ல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு அது. கொலை நடந்த இரவை மோரிஸ் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்; ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் சொன்னபடி. கார் மாறுகிறது, நிற்கும் இடம் மாறுகிறது. எல்லாமே உண்மையாக இருக்க முடியாது என்பது பார்ப்பவருக்குத் தானே புலப்படுகிறது. அந்தக் காட்சிகள் ‘இப்படித்தான் நடந்தது’ என்று சொல்லவில்லை. ‘இப்படி நடந்ததாக இவர் சொல்கிறார்’ என்றன. அந்த வழக்கில் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறையில் இருந்த ராண்டல் டேல் ஆடம்ஸ் 1989-ல் விடுதலையானார்.

வாட்கின்ஸும் பின்னாளில் இந்தத் திசையில்தான் போனார். 1999-ல் பாரிஸை ஒட்டிய மோன்த்ராயில் கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலைக்குள் 1871-ல் பாரிஸ் மக்கள் அமைத்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனைப் பதின்மூன்று நாளில் படமாக்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட நடிகர்கள். அவர்களில் பலர் தொழில்முறை நடிகர்கள் அல்ல. தங்கள் பாத்திரத்தைப் பற்றி அவர்களே தேடிப் படித்தார்கள். படம் தொடங்கும்போதே நடிகர்கள் தாங்கள் யார் என்று சொல்லி, செட்டையும் காட்டிவிடுகிறார்கள். இது நடிப்பு என்று தெரிந்த பிறகும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படம் நம்மைப் பிடித்து வைக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் ஈர்ப்பு குறைந்துவிடும் என்ற பயம் வீண்.

ஆகவே இந்தக் கலையில் இறங்க விரும்புகிறவர் முதலில் கேமரா வாங்க வேண்டாம். நம்பகமான ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு நிகழ்ச்சி, ஓரிருவர் போதும். எழுதும்போது தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் அதற்கான சான்றையும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் காட்சியை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது ஊகம் என்பதைப் பின்னணிக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் செய்தால் பாதிக் காட்சிகள் தாமாக உதிர்ந்துவிடும், பட்ஜெட்டும் கூடவே இறங்கும். மிஞ்சும் காட்சிகளில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் இருக்கும். பார்ப்பவர்கள் நம்புவது அந்தக் காரணத்தைத்தான். அதை எந்தச் சின்னக் குழுவும் உழைத்துச் சம்பாதிக்கலாம்.